தெருவோரம் கிடைத்த புல்வெட்டும் இயந்திரம்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

மே மாதம் பிறந்ததும் டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் குப்பை வண்டி வருவதற்கு முந்தைய மாலைகளில் பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரங்கள் தெருவோரத்துக்கு வந்துவிடுகின்றன. இலையுதிர் காலத்தில் கடைசியாகப் புல் வெட்டிய பின், தொட்டியில் மிச்சமிருந்த எத்தனால் கலந்த பெட்ரோலோடு கொட்டகைக்குள் தள்ளப்பட்டு, ஆறு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்தபோது ஓடாமல் போனவைதான் இவற்றில் பெரும்பாலானவை. இத்தகைய இயந்திரத்தைக் கொண்டுவந்த அன்றே புதுக் கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) புது காயிலும் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) வாங்குவது வீண்செலவு. செலவில்லாத சோதனையில் தொடங்கி, அறிகுறி காட்டும் வழியிலேயே போய், வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் பாகம் வாங்குவதே பலன் தரும்.

இங்கே சொல்வன பின்னாலிருந்து தள்ளும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், செங்குத்துத் தண்டு கொண்ட எஞ்சின்களுக்கு உரியவை. நம் கைக்கு வருபவற்றில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், ஹோண்டா ஜிசிவி 160, பழைய டெக்கம்சே ஆகிய மூன்றுமே மிகுதி.

## கை வைக்கும் முன்

ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி எட்ட வைக்காமல் பிளேடின் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஒரு சுற்று ஓடிவிட வாய்ப்புண்டு. விரல் போவதற்கு அந்த ஒரு சுற்றே போதும். இயந்திரத்தைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்க வேண்டும். மாறிச் சாய்த்தால் ஆயில், காற்று வடிகட்டிக்குள் இறங்கி, இல்லாத பழுதொன்று புதிதாக முளைக்கும். பழைய பெட்ரோலைத் திறந்தவெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வடிக்க வேண்டும். வடித்த பெட்ரோலையும் பழைய ஆயிலையும் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில்தான் சேர்க்க வேண்டும்.

எடுத்து வரலாமா வேண்டாமா என்பதைத் தெருவிலேயே முடிவு செய்யலாம். கைப்பிடியோடு இருக்கும் பிரேக் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எதிர்த்து இழுத்துப் பின் விடும் அழுத்தம் கைக்குத் தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பிளேடை மூடியிருக்கும் தளத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் எஞ்சினுக்காகவே எடுத்து வரலாம். எஞ்சினின் வயிற்றில் விரிசலோ ஆயில் வழிந்த ஓட்டையோ இருந்தால், சக்கரங்களுக்கும் கேபிள்களுக்கும் ஆசைப்பட்டால் ஒழிய, அங்கேயே விட்டுவிடுங்கள்.

## கயிற்றை இழுக்கவே முடியவில்லை

முதலில் பிரேக் கம்பி முழுவதுமாக அழுந்துகிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான தள்ளு இயந்திரங்களில், கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்ற விதி 1982 முதல் நடப்பில் உள்ளது. கனடாவில் கிடைப்பவையும் பெரும்பாலும் அதே அமைப்பு உடையவை. பல இயந்திரங்களில் கம்பியை விட்டால் ஒரு பிரேக் கட்டை, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கேபிள் நீண்டு தொய்ந்திருந்தால் கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் முழுதாக விலகாது. கேபிளின் சரிசெய்யும் நட்டைத் திருகுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

அதன் பிறகு அடித்தட்டைப் பாருங்கள். காய்ந்து கட்டியான புல்லும் கல்லும் பிளேடுக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கியிருக்கக்கூடும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து ஆயிலோ பெட்ரோலோ பீறிட்டு வந்து, அதன்பின் கயிறு இலகுவாக ஓடினால், யாரோ தவறாகச் சாய்த்ததால் சிலிண்டருக்குள் திரவம் நிறைந்திருந்தது என்று பொருள். நன்றாக வெளியேறும் வரை இழுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும். பிளக் இல்லாமலும் அசையவில்லை என்றால் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் இருந்து, வெறும் துருவினால் பிடித்திருந்தால், பிளக் துளை வழியே சிறிது ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, பிளக் தொப்பி எட்ட இருக்கும் நிலையில் பிளேடை மரக்கட்டையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். குச்சி உலர்ந்தே வந்தால், ஆயில் இல்லாமல் ஓடிப் பிடித்துக்கொண்ட எஞ்சின் அது. அதற்குச் செலவு செய்யாமல் உதிரிபாகங்களுக்காகப் பிரித்து வையுங்கள்.

கயிறு வெறுமனே ஓடி வந்து எஞ்சினைச் சுற்றவில்லை, அல்லது திரும்ப உள்ளே போகவில்லை என்றால் பழுது ஸ்டார்ட்டர் கூட்டில் இருக்கிறது. உள்ளிருக்கும் சுருள்வில் தெறித்தால் முகத்தைக் கிழித்துவிடும். ஆகவே கூட்டைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட, அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இயந்திரத்திலிருந்து கூட்டை முழுதாகக் கழற்றி மாட்டுவதையே நான் விரும்புவேன்.

## கயிறு இழுபடுகிறது, எஞ்சின் ஓடவில்லை

இங்கேதான் எல்லோரும் ஊகத்தில் இறங்கிப் பணத்தை இழக்கிறார்கள். தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பது முதல் வேலை. வடித்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தெளிவான முத்துகள்போல் தனியே உருளுவது தண்ணீர். பெயின்ட் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது.

புதுப் பெட்ரோலுக்கும் ஓடவில்லை என்றால் காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோலை விட்டு, வடிகட்டியைத் திரும்ப மூடிவிட்டுக் கயிற்றை இழுங்கள். மூடாமல் இழுத்தால் எதிர்த்தீ முகத்தை நோக்கி வரக்கூடும். வழி இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

### இரண்டு விநாடி ஓடி நின்றால்

தீப்பொறியும் அழுத்தமும் சரியாக இருக்கின்றன. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றிப் பிடித்தால் பெட்ரோல் சீராக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தொட்டியின் வாயிலுள்ள வலையோ இடையிலுள்ள வடிகட்டியோ அடைத்திருக்கிறது.

ஒழுக்கு நன்றாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மெல்லிய கம்பிகளும் சுருள்வில்லும் எந்தெந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் உள்ள பல பிரிக்ஸ் கார்புரேட்டர்களில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் அரை அங்குல நட்டே பிரதான ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பாகம்) ஆகும். அந்த நட்டைப் பொதுவான நட்டு என்று எண்ணித் துடைத்து மாட்டிவிட்டு, கார்புரேட்டர் முழுவதையும் கழுவியும் ஓடவில்லை என்று வருவோர் பலர். நட்டின் தண்டில் பக்கவாட்டில் ஒரு துளையும் நடுவே நெடுக ஒரு நுண்துளையும் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நுண்துளையில் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தாலும் பாதி அடைப்பு உண்டு. மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தி, கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யுங்கள். துளையிடும் ஊசியையோ எஃகுக் கம்பியையோ நுழைத்தால் துளை பெரிதாகிவிடும். அதன்பின் எஞ்சின் எப்போதும் பெட்ரோலை மிகுதியாகக் குடித்துக் கரும்புகை கக்கும்.

கிண்ணத்தின் உட்புறத்தில் பச்சைப் பிசினோ அலுமினியம் அரித்த வெண்பொடியோ படிந்திருக்கும். பிசின் கரைந்துவிடும். வெண்பொடி ஆழமாக அரித்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் உள்வழிகள் திறக்கமாட்டா. அப்போதுதான் புதுக் கார்புரேட்டர் வாங்குவது நியாயம்.

### சிறிதும் முயலவில்லை என்றால்

தீப்பொறியைச் சோதியுங்கள். பிளக்கைக் கழற்றித் தொப்பியில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து, இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பிளக்கை அந்தத் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். நிழலில் பார்த்தால் நீல நிறத்தில் பொறி தெரியும். தெரியவில்லை என்றால் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பாருங்கள். பிரிக்ஸின் பக்க வால்வு எஞ்சின்களுக்கு இடைவெளி 0.76 மி.மீ.; ஜிசிவி 160-க்கு பிபிஆர் 6 இஎஸ் வகைப் பிளக், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

பிளக் மாற்றியும் பொறி இல்லையெனில், காயிலிலிருந்து பிரேக் கம்பியின் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரை, சோதனைக்காக மட்டும், கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. ஒயர் எங்கோ தோலுரிந்து உலோகத்தைத் தொடுகிறது, அல்லது சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்து ஒயரைத் திரும்ப மாட்ட வேண்டும். கழற்றிய நிலையிலேயே ஓட்டினால், கைப்பிடியை விட்டாலும் எஞ்சினுக்கு நிறுத்தும் கட்டளை போய்ச் சேராது.

ஒயரைக் கழற்றியும் பொறி இல்லை என்றால் ஃப்ளைவீலின் காந்தத்திலும் காயிலின் கால்களிலும் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து, காயிலைத் தளர்த்தி, இடையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் காயிலை இழுத்துப் பிடிக்கும் நிலையில் திருகுகளை இறுக்கிவிட்டுக் கார்டை உருவுங்கள். பிரிக்ஸின் பல மாதிரிகளுக்குத் தேவையான 0.25 முதல் 0.36 மி.மீ. இடைவெளி ஏறத்தாழ அப்படியே அமைந்துவிடும். இதற்கும் பலன் இல்லையென்றால் காயிலை மாற்றலாம்.

### பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை

இந்த இயந்திரம் மரவேரிலோ நடைபாதை விளிம்பிலோ மோதியிருக்க வாய்ப்பு மிகுதி. கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தால் ஐயமே வேண்டாம். ஃப்ளைவீலையும் பிளேடைச் சுழற்றும் கிராங்க் தண்டையும் ஒரே கோட்டில் வைத்திருக்கும் சிறிய சாவித்துண்டு பிரிக்ஸ் எஞ்சின்களில் மென்மையான உலோகத்தால் ஆனது. பிளேடு திடீரென நின்றால் அது நறுக்குண்டு, ஃப்ளைவீல் சற்றே விலகிவிடும். தீப்பொறி தவறான நேரத்தில் விழும்.

மேல்மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் நட்டைத் திருகி எடுத்த பின், தண்டின் காடியும் ஃப்ளைவீலின் காடியும் நேராக இருக்கின்றனவா என்று மேலிருந்தே பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் விலகல்கூட எஞ்சினை ஓடவிடாமல் செய்யும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் அடிக்காமல் உரிய புல்லரால் கழற்றி, அதே அளவுள்ள, அதே வகைச் சாவியை மாட்டுங்கள். சாவி சில டாலர்தான். எஃகுச் சாவியைச் செதுக்கிப் போட்டால் அடுத்த மோதலில் சாவிக்குப் பதில் கிராங்க் தண்டு பலியாகும். இந்தப் பழுது கண்ட இயந்திரத்தை ஓட்டும் முன், கீழே சொல்லும் தண்டு வளைவுச் சோதனையையும் கட்டாயம் செய்ய வேண்டும்.

சாவியும் முழுதாக இருந்து, கயிற்றில் எதிர்ப்பே தெரியவில்லை என்றால் அழுத்தம் இல்லை. வால்வு இடைவெளியைச் சோதிக்கத் தெரிந்தவர் சோதிக்கலாம். ஜிசிவி 160-க்குக் குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மி.மீ. அதே எஞ்சினில் வால்வுகளை இயக்கும் பெல்ட் உள்ளேயே ஓடுகிறது. அது அறுந்திருந்தால் மெக்கானிக்கிடம் விலை கேளுங்கள். கேட்ட பிறகு பெரும்பாலும் வேறு எஞ்சின் தேடுவீர்கள்.

## ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் நிற்கிறது

நின்ற உடனே பெட்ரோல் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் எஞ்சின் ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைக் கழுவினால் வேலை முடிந்தது.

இருபது நிமிடம் நன்றாக ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறிய பின் மறுபடி ஓடுவது வேறு கதை. நின்ற கையோடு, சூடாக இருக்கும்போதே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். அப்போது பொறி இல்லாமல், ஆறியதும் வந்தால் காயில் போய்விட்டது. ஆறிய எஞ்சினைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே அது ஒழுங்காக ஓடிக் காட்டும். ஆகவே இந்தச் சோதனையைப் புல்வெளியில் நின்று நீங்களே செய்வதுதான் சரி.

## வேகம் ஏறி இறங்கி ஓடுகிறது

எஞ்சினுக்குக் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. சோக் (காற்று வரும் வழியைக் குறைக்கும் மூடி) உள்ள இயந்திரத்தில் சோக்கைச் சற்று மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் ஊகம் உறுதி. ஜிசிவி 160-ல் ஐடில் திருகுக்குக் கீழே அமர்ந்திருக்கும் சிறிய பிளாஸ்டிக் ஜெட் அடைப்பதே வழக்கம். பிரிக்ஸில் மேலே சொன்ன நட்டைத் திரும்பவும் பாருங்கள். அடுத்தது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு). கிழிந்ததோடு, திருப்பி மாட்டப்பட்ட கேஸ்கெட்டும் இதே அறிகுறியைக் காட்டும்.

கவர்னர் வில்லை இழுத்தோ வளைத்தோ வேகத்தை அடக்கும் பழக்கத்தை நான் அறவே ஏற்பதில்லை. 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் போகிறது. வேகமானி இல்லாமல் அந்த வில்லில் கை வைப்பவர், பிளேடு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அறியாமலே அதன் பின்னால் நடக்கிறார்.

## புகை வருகிறது

சாய்த்து வைத்த பிறகு சில நிமிடம் வெண்புகை வந்து அடங்குவது நோயல்ல. அடங்காவிட்டால் ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் வடித்துக் குறையுங்கள். மட்டம் உயர்ந்திருப்பதோடு ஆயிலில் பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் கசிந்து இறங்கியிருக்கிறது. ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது; நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். கோடைக்கு எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30, ஏறத்தாழ அரை லிட்டர் பிடிக்கும்.

கரும்புகை அழுக்கு வடிகட்டியாலும் ஒட்டிக்கொண்ட சோக்காலும் வருவது. ஆயில் அளவு சரியாக இருந்தும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் மூச்சு வால்வு, ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங் என்ற வரிசையில் செலவு ஏறும். ரிங் வரை போக வேண்டியிருந்தால் மெக்கானிக்கின் கூலி அந்த இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிடும்.

## இயந்திரம் கை மரத்துப்போகும்படி உதறுகிறது

உடனே நிறுத்துங்கள். எஞ்சினைத் தளத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பிறகு பிளேடைக் கழற்றி, சுவரில் அடித்த ஆணியில் அதன் நடுத்துளையை மாட்டினால், கனமான பக்கம் கீழே இறங்கும். அந்தப் பக்கத்தின் வெட்டும் விளிம்பின் பின்புறத்தில் அரம் போட்டுச் சமன் செய்யலாம். வளைந்த பிளேடையும் விரிசல் கண்ட பிளேடையும் நிமிர்த்தியோ வெல்டு வைத்தோ மீண்டும் போடக் கூடாது.

பிளேடு சரியாக இருந்தும் உதறினால் தண்டைச் சோதியுங்கள். ஸ்பார்க் பிளக்கை முழுதாகக் கழற்றி எடுத்து, தளத்தின் விளிம்பில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் கூர்முனை பிளேடு போல்ட்டின் நடுப்புள்ளிக்கு நேரே நிற்குமாறு வளையுங்கள். இன்னொருவர் கயிற்றை மெதுவாக இழுக்கும்போது எட்ட நின்று பாருங்கள். நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே சுழல வேண்டும். கம்பி முனையைச் சுற்றிச் சிறு வட்டம் போட்டால் கிராங்க் தண்டு வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒருமுறை வளைந்த உலோகம் ஓட்டத்தின் நடுவே முறியலாம். முறிந்தால் பிளேடு பறக்கும். கார்புரேட்டர், காயில், ஸ்டார்ட்டர் கூடு, தொட்டி ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை இரும்புக்கடைக்கு அனுப்புங்கள்.

## தானாக நகரவில்லை

எஞ்சினே சக்கரத்தை உருட்டும் தானியங்கி வகைக்கு இது. கேபிள் தொய்வு, பெல்ட் தேய்வு, சக்கரத்தின் உட்பல் தேய்வு என்ற வரிசையில் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால் பல்லின் நிலை கண்ணுக்கே தெரியும். பின்னுக்கு இழுக்கும்போது சக்கரம் தாராளமாக உருளுவதற்காக, தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்துக்குள் ஒரு சாவி இருக்கும். இடம், வலம் மாற்றி மாட்டினால் புதுப்பாகம் போட்டும் நகராது.

## வேறு இயந்திரத்தின் பாகம் சரியாக அமரவில்லை

நல்ல தளத்தையும் நல்ல எஞ்சினையும் இணைப்பதே இந்த வேலையின் சுகம். இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றில் அடிப்பகுதியின் போல்ட் துளைகள் ஒத்துப்போகும், தண்டுதான் ஒத்துப்போகாது. பல பிரிக்ஸ் எஞ்சின்களில் தண்டின் விட்டம் 22.2 மி.மீ.; வேறு சிலவற்றில் 25 மி.மீ. தள்ளு இயந்திரத்தின் தண்டு ஏறத்தாழ 46 மி.மீ. நீளமும், பெல்ட் கப்பி மாட்ட வேண்டிய தானியங்கியின் தண்டு ஏறத்தாழ 80 மி.மீ. நீளமும் இருப்பது வழக்கம். குட்டைத் தண்டைத் தானியங்கித் தளத்தில் வைத்தால் பிளேடு தகட்டுக்கு மிக அருகே போகும். நெட்டைத் தண்டைத் தள்ளு தளத்தில் வைத்தால் பிளேடு தளத்தின் விளிம்புக்குக் கீழே தொங்கும். பிளேடு விளிம்புக்குக் கீழே தெரியும் எந்த இணைப்பையும் ஓட்டக் கூடாது. வாஷர்களை அடுக்கி உயரம் சரிசெய்வதும் வேண்டாம்.

பிளேடின் நடுத்துளை வட்டமா, நட்சத்திரமா என்பது பிளேடு தாங்கியோடு பொருந்த வேண்டும். ஆகவே தாங்கி, பிளேடு, போல்ட் மூன்றையும் ஒரே இயந்திரத்திலிருந்து எடுப்பதே நல்லது. பிரேக் கேபிள் புது எஞ்சினின் பிரேக் கட்டையை முழுதாக விலக்கி, விட்டதும் முழுதாக இறுக்க வேண்டும். மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்த்து, கம்பியை விட்டு, பிளேடு நிற்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 3 விநாடியைத் தாண்டினால் கேபிளையும் பிரேக் கட்டையையும் சரிசெய்யும் வரை புல்வெளிக்குக் கொண்டுபோகாதீர்கள்; அவை உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய இடம் இது.

பாகம் வாங்கும்போது தளத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லாமல் எஞ்சினின் எண்ணைச் சொல்லுங்கள். பிரிக்ஸ் எஞ்சினின் உறையில் மாடல், வகை, குறியீடு என மூன்று எண்கள் பொறித்திருக்கும். குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் காட்டும். டெக்கம்சே 2008-ல் எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் அதற்கு மாற்று நிறுவனங்களின் பாகங்களையும், பிரித்து வைத்த பழைய எஞ்சினையும் நம்பியே இருக்க வேண்டும். ஹோண்டா 2023-ல் அமெரிக்காவில் புல்வெட்டும் இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. ஆனாலும் ஜிசிவி 160-ன் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவான மாற்றுக் கார்புரேட்டர் வாங்கினால், பெட்டியில் வரும் கேஸ்கெட்டைப் பழையதன் மேல் வைத்துத் துளைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்; கவர்னர் கம்பி மாட்டும் துளையின் இடம் மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.